ரிவாதெல் குடும்பத்தார் வழங்கிய காட்சி

செனோரா லெத்தீசியா முதன்முதலில் எங்கள் படித்துறைக்கு வந்த அன்று, கவிழ்த்துப் போட்ட பீர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மரச்சுத்தியால் கால்களை உடைத்து உடைத்து ஆறு நண்டு தின்றார். கையால்தான் தின்றார். முழங்கை வரைக்கும் சாறு வழிந்தது. வெள்ளைச் சட்டையில் மஞ்சளாகத் தெறித்ததைத் துடைக்கக்கூட இல்லை. இந்த ஒரு காரியத்தால்தான் நாங்கள் ஏமாந்தோம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்தப் புவெர்த்தோ மங்லார் ஊரில் நண்டுக்காரர்களுக்குள் எழுத்துப் பத்திரம் என்று ஒன்று கிடையாது. வள்ளம் கைமாறினாலும் சரி, கண்டல் காட்டில் யார் எந்த ஓடைக்குப் போவது என்று முடிவானாலும் சரி, பெண் கேட்டு வந்தாலும் சரி, ஒரு சட்டி நண்டை நடுவில் வைத்து இரண்டு பக்கத்தாரும் கைவிட்டுத் தின்பார்கள். தின்று முடித்தால் பேச்சும் முடிந்தது. அதற்கப்புறம் மாற்றிப் பேசியவன் படித்துறையில் தலைகாட்ட முடியாது. நான் இங்கே வந்த முப்பது வருஷத்தில் அப்படி மாற்றிப் பேசியவன் ஒருத்தன்தான். அவன் குடும்பத்தோடு மச்சாலாவுக்குப் போய்விட்டான்.

நான் மலையூர்க்காரன். வள்ளங்களுக்கு மோட்டார் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். படித்துறைக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம். முப்பது வருஷமாகியும் "மலைக்காரா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எவாரிஸ்தோவும் தோமித்திலாவும் என் பட்டறைக்குப் பின்வீடு. எவாரிஸ்தோ நண்டு வியாபாரிகள் சங்கத்துத் தலைவர். இருப்பது பதினோரு குடும்பம், அதற்கு ஒரு தலைவர். தோமித்திலா படித்துறையில் விற்பவள். அவள் குரல் கேட்டால் ஆற்றில் மிதந்து போகிற ஆகாயத்தாமரைகூடக் கொஞ்சம் ஒதுங்கிப் போகும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

செனோரா அன்றைக்குச் சொன்னது இதுதான். பழைய கரை பாழாய்க் கிடக்கிறது. சுங்கக் கட்டிடத்தின் கூரை இடிந்துவிட்டது, ஆற்றோரச் சுவர் சரிகிறது, நகராட்சியிடம் பணமில்லை. அதனால் நகராட்சி கரையைக் கொடுக்கும். ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் நன்கொடை கொடுப்பார்கள். இரண்டையும் சேர்த்து, தான் நடத்துகிற அறக்கட்டளை கரையைப் புதுப்பிக்கும். நன்கொடை என்றால் சும்மா இல்லை. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரியிலேயே ஒரு பங்கை அறக்கட்டளைக்குத் திருப்பிவிடலாமாம். எப்படியும் போகப்போகிற பணம், போகிற வழியில் பேர் வாங்கிக்கொண்டு போகிறது. இந்த வரிக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்?

படித்துறை அப்படியே இருக்கும், நீங்களும் இருப்பீர்கள், நீங்கள் இல்லாமல் இந்தக் கரைக்கு என்ன அழகு என்றார் செனோரா. சொல்லிவிட்டு ஏழாவது நண்டுக்குக் கை நீட்டினார். வயிறு இடம் கொடுக்கவில்லை, சிரித்து வைத்துவிட்டார்.

அவர் கார் போனதும் எவாரிஸ்தோ எல்லாரையும் பார்த்து, "முடிஞ்சுது. நம்ம சட்டியில கை வச்சுட்டாங்க" என்றார்.

அடுத்த மாதம் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட நண்டு விருந்து நடந்தது. நகர மன்றத்து முற்றத்தில் மேசை போட்டு, சீட்டுக்கு விலை வைத்து, பெரிய குடும்பங்களெல்லாம் வந்தார்கள். நண்டு எங்களுடையது. ஒரு கட்டுக்குப் பன்னிரண்டு, அப்படி நூற்றுநாற்பது கட்டு, காசு வாங்காமல். ஜனவரி மழை. கொசு கண்ணைத் திறக்க விடாது. ஆண்கள் நாலு நாள் கண்டல் வேர்களுக்கு நடுவே சேற்றில் ஒருக்களித்துப் படுத்து, தோள் வரை கையை வளைக்குள் விட்டு ஒவ்வொன்றாக இழுத்தார்கள். பக்கத்தில் டப்பாவில் கரி புகைந்துகொண்டே இருக்கும், கொசுவுக்கு. பெண் நண்டு கையில் வந்தால் திரும்ப விட வேண்டும். எவாரிஸ்தோவுக்கு அப்போதே நாற்பத்தொன்பது வயது. அந்த நாலு நாளும் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்ற தோமித்திலாதான் கை தூக்கிவிட வேண்டும்.

பெண்கள் சமைத்தார்கள். பெரிய அண்டாக்களில் தண்ணீர் கொதிக்க வைத்து, வெங்காயம், மிளகாய், சீரகம், மல்லித்தழை போட்டு, பச்சை வாழைக்காயைத் துண்டம் போட்டு, பீர் ஊற்றி. அந்த வாசனைக்குப் பெரிய குடும்பங்கள் மேசையை விட்டு நகரவே இல்லை. தோமித்திலா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தபோது எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், மறைக்க வேண்டியதில்லை.

பிறகு கரையைச் சுற்றித் தகரம் அடித்து மறைத்தார்கள். இரண்டு வருஷம் கரை தகரத்துக்குப் பின்னால் இருந்தது. பதினோரு குடும்பமும் என் பட்டறைக்கு முன்னால் சாலையோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, லாரிப் புழுதியில் நண்டு விற்றார்கள். வெயிலில் நண்டு செத்துவிடும். செத்த நண்டை யார் வாங்குவார்? கட்டின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு அரைமணிக்கு ஒருதரம் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் என் குழாயிலிருந்து. பாதிப்பேர் தாக்குப் பிடிக்காமல் வள்ளத்தில் வைத்தே லாரி வியாபாரியிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். எவாரிஸ்தோ மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார், கொஞ்சம் பொறுங்க, தகரத்தை எடுக்கட்டும் என்று.

தகரத்தை எடுத்தார்கள்.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சுங்கக் கட்டிடத்துக்குப் புதுக் கூரை, கல் பாவிய நடைபாதை, வரிசையாக விளக்கு, நீரூற்று. படித்துறை இருந்த இடத்தில் படி இருந்தது. ஆனால் அது ஆற்றுக்குள் இறங்கவில்லை. ஆற்றைப் பார்த்து உட்கார நாலு வரிசைப் பலகை, அதற்கப்பால் இரும்புக் கிராதி. நுழைவாயிலில் கருங்கல் சுவர். அதில் பொன் நண்பர்கள், வெள்ளி நண்பர்கள் என்று பேர்கள். கடைசி வரிசையில், முழங்கால் உயரத்தில், நண்டு வியாபாரிகள் சங்கம். எவாரிஸ்தோ குந்தி உட்கார்ந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்திருக்கும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

மறுநாள் காலை தோமித்திலா இரண்டு கையிலும் நாலு நாலு கட்டாகத் தூக்கிக்கொண்டு வாயிலுக்குப் போனாள். அங்கே காவலுக்கு நின்றது அவள் தம்பி வாஷிங்டன். நண்டு வளைக்குள் வருஷக்கணக்காகக் கையை நுழைத்துத் தோள் போனவன். சங்கத்தின் பேரைச் சொல்லி எவாரிஸ்தோதான் அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தார். நீலச் சீருடை, தொப்பி, விசில்.

"அக்கா, உசுரோட இருக்கற பிராணிய உள்ள கொண்டு போகக் கூடாதாம்."

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் குட்டி நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நாய்க்குக் காதில் ரிப்பன்.

"அது போகுதே" என்றாள் தோமித்திலா.

"அதுக்குக் கயிறு கட்டியிருக்குக்கா."

"என்னுதும் கட்டித்தான் இருக்கு. பன்னெண்டு பன்னெண்டா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வாஷிங்டன் சிரிக்கவில்லை. வாயிலில் மாட்டியிருந்த விதிப்பலகையில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னான். புகை கூடாது, வெறுங்கால் கூடாது, பனியனோடு வரக் கூடாது, தரையில் கடை விரிக்கக் கூடாது. உள்ளே எட்டுக் கடைகள் உண்டு. அவை முன்பணம் கட்டியவர்களுக்கு. ஒன்றில் ஐஸ்கிரீம், ஒன்றில் காப்பி, ஒன்றில் நண்டுப் படம் போட்ட சட்டை.

"அக்கா, எம் பொழப்பக் கெடுத்துராத" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னான். தோமித்திலா எட்டுக் கட்டுகளையும் தூக்கிக்கொண்டு சாலையோரத்துக்கே திரும்பிவிட்டாள்.

அப்புறம் அலைச்சல். எவாரிஸ்தோ இருந்த ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா, கரை இப்போது தங்கள் கையில் இல்லை, தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு அறக்கட்டளைக்குக் கொடுத்தாயிற்று, அது தனியார் விவகாரம், அங்கே போய்க் கேளுங்கள் என்றார். அறக்கட்டளைக்குப் போனோம். அங்கே இருந்த வக்கீல், இது பொது இடமாயிற்றே, பொது இடத்தில் யார் விற்கலாம் என்று நகராட்சிதானே சொல்ல வேண்டும் என்றார். திரும்ப நகராட்சி. திரும்ப அறக்கட்டளை. பொது என்று போனால் தனியார் என்பார்கள், தனியார் என்று போனால் பொது என்பார்கள். ஏழு தடவை. இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்தால் பழி விழுவதற்கு இடமே இருக்காது. அதற்காகவே சேர்ந்தார்களோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

எட்டாவது தடவை செனோராவே பார்த்தார். காப்பி வரவழைத்தார். எவாரிஸ்தோவின் பெண் குவாயாகிலில் வேலைக்குப் போனது நினைவிருந்து விசாரித்தார். உண்மையாகவே விசாரித்தார்.

"இது நான் மட்டும் முடிவு பண்ற விஷயமில்ல எவாரிஸ்தோ. பணம் கொடுத்தவங்க நாளைக்கு என்னக் கேள்வி கேப்பாங்க."

"நாங்களும் கொடுத்தவங்கதானேம்மா."

"அதனாலதான் சுவத்துல உங்க பேரப் போட்டிருக்கு."

எவாரிஸ்தோ தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து அவரோடு சண்டை போட்டேன். மனுஷன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தார்.

அன்று வீட்டில் தோமித்திலா வாழைக்காயை வறுத்து உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள், உருண்டை பிடிக்க. என்னையும் சாப்பிட உட்கார வைத்தாள். நடந்ததை எவாரிஸ்தோ சொல்லச் சொல்ல, உலக்கை வேகமாக விழுந்தது.

"அந்தம்மா கெட்டவங்க இல்ல" என்று முடித்தார்.

"கெட்டவளா இருந்திருந்தா நீ அன்னைக்கே பேப்பர்ல எழுதி வாங்கியிருப்ப. நல்லவளா வந்ததாலதான்யா குடி கெட்டுது."

"சட்டியில கை வச்சாங்களே தோமி. நீயும்தானே பாத்த?"

"பாத்தேன். நமக்குத்தான் அது பேச்சு. அவளுக்கு அது சாப்பாடு."

எவாரிஸ்தோ உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். வாசலில் சங்கத்து ஆட்கள் ரெண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். உன் பேச்சை நம்பித்தானே நாலு நாள் சேற்றில் கிடந்தோம், இனிமேல் ஆயுசுக்கும் லாரிக்காரனுக்கே பாதி விலைக்குப் போட வேண்டியதுதானா என்று கேட்டார்கள். அவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த விற்கிற இடம் போனால் பதினோரு குடும்பமும் லாரிக்காரனுக்குக் கூலிக்குப் பிடிக்கிறவர்கள்தான். இது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

வழி எதேச்சையாக வந்தது. ஒரு நாள் நான் மோட்டார் எண்களைத் துறைமுகக் கப்பற்படை அலுவலகத்தில் பதியப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். எதுக்கு அங்கே பதிகிறாய் என்று தோமித்திலா கேட்டாள். தண்ணீர் அவர்களுடையது என்றேன்.

"எது வரைக்கும்?"

"கடல் ஏத்தத்தப்ப தண்ணி எது வரைக்கும் ஏறுதோ அது வரைக்கும்."

அவள் ஆற்றைப் பார்த்தாள், கிராதியைப் பார்த்தாள். "அப்ப கிராதிக்கு இந்தப் பக்கம் அவ சீமை, அந்தப் பக்கம் இல்ல" என்றாள்.

மறு சனிக்கிழமை பதினோரு வள்ளமும் கிராதிக்குக் கீழே வரிசையாக வந்து நின்றன. நங்கூரம் போட்டு நிற்க எல்லாரிடமும் சீட்டு இருந்தது, வருஷா வருஷம் கப்பற்படை அலுவலகத்தில் பணம் கட்டி வாங்கிய சீட்டு. மேலே நடைபாதையில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தோமித்திலா கழுத்தை அண்ணாந்து குரல் கொடுத்தாள். முதலில் ஒரு கிழவர் தன் இடுப்பு பெல்ட்டையும் பக்கத்துக்காரர் பெல்ட்டையும் முடிந்து அதில் பையைக் கட்டி இறக்கினார். அடுத்த வாரம் ஆட்கள் வீட்டிலிருந்தே கூடையும் கயிறும் கொண்டு வந்தார்கள். காசு கூடையில் இறங்கும், நண்டு கூடையில் ஏறும். கடல் ஏற்றத்தின்போது கயிறு ஒரு பாகம், அதாவது ஆறடி, போதும். வற்றும்போது மூன்று பாகம் வேண்டும், அதற்கேற்பக் கூச்சலும் கூடும். நண்டு பாதி வழியில் கூடையைவிட்டுக் குதித்தால் மேலேயும் கீழேயும் ஒரே சிரிப்பு. வாஷிங்டன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஆற்றில் நடப்பதைக் கவனிக்க அவனுக்குச் சம்பளம் இல்லையாம்.

நாலு மாதம் நன்றாக ஓடியது. கடன்கார முகம் போய் எவாரிஸ்தோ பழையபடி ஆனார். லாரிக்காரன் இரண்டு தடவை வந்து வெறுமனே திரும்பினான். தோமித்திலா ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

செனோரா வந்து பார்த்துவிட்டுப் பூரித்துப் போனார். மேலே நின்று கையசைத்தார், படம் எடுத்தார். கூட வந்த வெள்ளைக்காரர்களுக்கு விரலால் காட்டிக் காட்டிப் பேசினார். எவாரிஸ்தோவும் கையசைத்தார். ஒரு வாரம் கழித்து இரண்டு ஆட்கள் வந்து கிராதியில் ஏதோ துளை போட்டுப் பொருத்திவிட்டுப் போனார்கள். பித்தளைப் பலகை. அது நடைபாதையைப் பார்த்து இருந்ததால் வள்ளத்தில் இருந்தவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது. விளக்குக்கு ஏதோ என்று நினைத்தார்கள். பத்து நாளைக்குப் பிறகுதான் வாஷிங்டன், மனசு கேட்காமல், குனிந்து படித்துச் சொன்னான்.

"மிதக்கும் நண்டுச் சந்தை. பார்வையாளர்களுக்கு இந்தக் காட்சிய வழங்கியவர்கள் ரிவாதெல் குடும்பத்தார்."

ரிவாதெல் என்றால் வாழைக்காய் ஏற்றுமதி. ஊரில் பாதித் தோட்டம் அவர்களுடையது.

"எதைக் கொடுத்தாங்களாம்?" என்றார் எவாரிஸ்தோ.

"காட்சிய."

"எந்தக் காட்சிய?"

வாஷிங்டன் கீழே கை காட்டினான். வள்ளங்களை, கூடைகளை, தோமித்திலாவை, அவரை.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவன் படித்தான். தோமித்திலா வாயைத் திறந்தவள், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

இரண்டு நாளில் செனோராவின் ஆள் ஒரு தாள் கொண்டு வந்து படித்துக் காட்டினான். வருகிற சனிக்கிழமை மதியம் ரிவாதெல் குடும்பத்தார் விருந்தினரோடு வருகிறார்கள். வள்ளங்களுக்கு நீலச் சாயம் அடிக்க டப்பா தருவார்கள். ஆண்கள் வைக்கோல் தொப்பி, பெண்கள் பூப்போட்ட பாவாடை, அதுவும் தருவார்கள். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை மோட்டார் போடக் கூடாது, சத்தமாகக் கூவலாம். இத்தனையும் இனாம். தொப்பிகள் ஒரு மூட்டையாக என் பட்டறை வாசலில் வந்து இறங்கின. எவாரிஸ்தோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வழக்கம்போலத் தலையாட்டினார். போச்சு, இந்த மனுஷன் தொப்பியும் போட்டுக்கொள்வார் என்று நான் என் பெண்டாட்டியிடம் புலம்பினேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஏற்றம் முழுசாக நின்றிருந்தது, ஆகாயத்தாமரை அசையாமல் கிடந்தது. நான் நடைபாதையில் கிராதியோரம் நின்றேன். சுத்தமான சட்டை போட்டுத்தான் போயிருந்தேன், வாஷிங்டனுக்குச் சிரமம் வேண்டாம் என்று. வள்ளங்கள் பதினொன்றும் கீழே இருந்தன. சாயம் அடிக்கவில்லை. தொப்பி இல்லை. மேலே கூட்டம் சேர்ந்திருந்தது, கூடைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. செனோரா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, முன்னால் விறுவிறுவென்று வந்தார். தூரத்தில் வாயிலருகே ரிவாதெல் கிழவர் தடியூன்றி, பேரப்பிள்ளைகளோடு, கருங்கல் சுவரில் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எவாரிஸ்தோ எழுந்து நின்றார். முதலில் நங்கூரக் கயிற்றை இழுத்தெடுத்தது அவர்தான். சுருட்டி வள்ளத்தில் போட்டார். தோமித்திலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இப்படிச் செய்வார் என்று அவளுக்கே தெரியாது, அது அவள் முகத்தில் தெரிந்தது. அப்புறம் பக்கத்து வள்ளம், அதற்கடுத்த வள்ளம்.

செனோரா கிராதியில் சாய்ந்து குனிந்தார். "எவாரிஸ்தோ, என்ன பண்றீங்க? விருந்தாளிங்க வந்துட்டாங்க. நான் அவங்களுக்கு என்னத்தக் காட்டுவேன்?"

எவாரிஸ்தோ மரியாதையாகத்தான் பேசினார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"காட்சியக் கொடுத்தது அவங்கதானேம்மா. அவங்களையே எறங்கி வந்து நண்டு விக்கச் சொல்லுங்க."

மோட்டாரை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. முந்தின வாரம்தான் நான் பார்த்துக் கொடுத்திருந்தேன். பதினோரு வள்ளமும் ஒன்றாக மோட்டாரைப் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தன. கூடை இறக்கியவர்கள் வெறுங்கூடையை மேலே இழுத்தார்கள். ரிவாதெல் கிழவர் வந்து சேர்ந்து, பலகையில் தன் பேரை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். அது என்ன காட்சி என்று பேரன் கேட்டான். செனோராவின் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை.

அக்கரையில், மாடு அறுக்கிற பழைய தொட்டிக்குக் கீழே ஒரு சேற்றுத் திட்டு. அங்கேதான் இப்போது விற்கிறார்கள். பாதிதான் விற்கிறது. மூன்று குடும்பம் லாரிக்காரனிடமே போய்விட்டது, அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. நண்டு வேண்டியவர்கள் ஐம்பது சென்ட் படகுக்கூலி கொடுத்து இக்கரையிலிருந்து போகிறார்கள். போன ஞாயிறு செனோராவின் சமையல்காரி போயிருந்தாள், இரண்டு கட்டு வாங்கினாள். அந்தம்மாவுக்கு வேறு நண்டு பிடிக்காதாம், கொஞ்சம் விலை குறைத்துக் கொடு என்று கேட்டாளாம். தோமித்திலா ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை.